உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு முகவரி கிடைத்த கதை

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காக வேண்டிக்கொள்ளும் நாள். நரகத்துக்குப் போகுமளவு கெட்டவர்களுமல்ல, நேரே மோட்சம் ஏறுமளவு தூயவர்களுமல்ல என்று நடுவில் நிற்பவர்கள் குறை தீர்ந்து தூய்மையாகும் இடம் அது. வேடிக்கை என்னவென்றால், வேண்டுதல்தான் மூத்தது. இடம் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் இளையது.

கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் யூதத் தளபதி யூதா மக்கபே, போரில் விழுந்த தன் வீரர்களை அடக்கம் செய்யப் போனார். உடலை எடுத்தால் ஒவ்வொரு அங்கிக்குள்ளும் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்து! ஒரே கடவுளை வணங்குகிறவர்களுக்கு அது தாங்க முடியாத குற்றம். உயிரோடிருந்தவர்களிடம் வசூல் செய்து, 2,000 வெள்ளித் திராக்மாவைப் பாவப்பரிகாரப் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார். போனவர் பாக்கியை இருப்பவர் கட்டலாம் என்ற எண்ணத்துக்குக் கத்தோலிக்கர் காட்டும் முதல் ஆதாரம் இதுதான்.

அடுத்த காட்சி கார்த்தேஜ், கி.பி. 203. சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்த பெர்பெத்துவா என்ற இளம் தாய், ஏழு வயதில் இறந்த தம்பியைக் கனவில் காண்கிறாள். தாகத்தில் தவிக்கிறான், எதிரே நீர்த்தொட்டி, விளிம்பு எட்டவில்லை. அவள் அழுது வேண்டுகிறாள். அடுத்த கனவில் விளிம்பு தாழ்ந்திருக்கிறது. பையன் வயிறு நிறையக் குடித்துவிட்டு விளையாடப் போகிறான். நெருப்பு இல்லை, மலை இல்லை. இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த உத்தரிக்கிற ஸ்தலம் இந்தத் தொட்டிதான்.

6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை பெரிய கிரகோரியார், மூன்று பொற்காசை ஒளித்து வைத்திருந்த துறவி ஒருவருக்காக முப்பது நாள் பூசை வைத்துக் கரையேற்றிய கதையை எழுதினார். தொடர்ந்து முப்பது பூசை வைக்கும் வழக்கம் அவர் பெயரிலேயே இன்றும் இருக்கிறது. பிரான்சின் குளுனி மடத்துத் தலைவர் ஒதிலோ நவம்பர் 2-ஐ இறந்தோர் நாளாக்கினார். குளுனிக்கு ஐரோப்பா முழுதும் கிளை மடங்கள்; நாளும் அவற்றோடு பரவியது.

இத்தனைக்குப் பிறகும் அந்த இடத்துக்குத் தனிப் பெயர் இல்லை. 1170-களில்தான் பாரிஸ் அறிஞர்களிடையே பெயர் தோன்றியது என்கிறார் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப். பெயர் வந்ததுதான் தாமதம், வாசலும் திறந்துவிட்டது. அயர்லாந்தின் டெர்க் ஏரித் தீவில் உள்ள குகைக்குள் இறங்கினால் உயிரோடே போய் வரலாம் என்றார்கள். ஓவெய்ன் என்ற வீரன் போய் வந்ததாக ஒரு துறவி லத்தீனில் எழுத, மரி த பிரான்ஸ் அதைப் பிரெஞ்சில் கவிதையாக்கினார். கட்டணமும் கேட்டார்கள், உள்ளே ஒன்றும் தென்படவில்லை என்று டச்சுத் துறவி ஒருவர் ரோமில் முறையிட, 1497-இல் குகையை மூட உத்தரவானது. யாத்திரை நிற்கவில்லை, இன்றும் வெறுங்காலோடு மூன்று நாள் நோன்பிருக்கிறார்கள். கவிஞர் தாந்தே தன் பங்குக்கு, பூமியின் தென்பாதியில் எருசலேமுக்கு நேர் எதிர்ப்புறம் ஏழு படிக்கட்டு மலையையே எழுப்பிவிட்டார்.

இடம் உறுதியானதும் வியாபாரம் வராமலிருக்குமா? பாவமன்னிப்புச் சீட்டு என்று பள்ளியில் படித்தோமே, அது முறைப்படி பாவத்தை மன்னிப்பதல்ல, மிச்சமிருக்கும் தண்டனையைக் குறைப்பது. வாங்குபவனுக்கு அந்த நுணுக்கம் எங்கே தெரியப்போகிறது! அச்சு இயந்திரம் பிறந்ததும் அடித்துத் தள்ளியவற்றில் இந்தச் சீட்டும் ஒன்று: 1454-இலேயே பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டு அச்சிட்டார்கள். 1476-இல் திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் இறந்தவர்களுக்கும் அதை நீட்டினார். 1517-இல் ஜெர்மனியில் தெட்சல் என்ற துறவி சீட்டு விற்ற பணத்தில் ஒரு பங்கு ரோமின் புனித பேதுரு பேராலயத்துக்கு, மறு பங்கு பேராயர் ஆல்பிரெக்ட், ஃபுக்கர் என்ற வங்கியிடம் பட்ட கடனுக்கு. திருத்தந்தையால் முடியுமென்றால் அன்பின் பேரில் எல்லாரையும் சும்மா விட்டுவிட வேண்டியதுதானே என்ற மக்களின் கேள்வியை லூத்தர் தன் 95 வாதங்களில் சேர்த்தார். பிற்பாடு அந்த இடமே இல்லை என்றார். 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் இடம் உண்டு, வியாபாரம் கூடாது என்று முடிவு சொன்னது.

அந்தச் சண்டை கப்பலேறி நம் கரைக்கும் வந்தது. போர்த்துக்கீசியக் குருக்கள் 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு உத்தரிக்கிற ஸ்தலத்தைக் கொண்டுவந்தார்கள். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லூத்தரன் சீகன்பால்கு அதைக் கொண்டுவரவில்லை. இன்றும் கத்தோலிக்கத் தமிழ் வேதாகமத்தில் அந்த யூதா மக்கபேயின் கதை சொல்லும் மக்கபேயர் நூல் உண்டு. சீர்திருத்தச் சபையாரின் வேதாகமத்தில் இல்லை.

அட்லாண்டிக் தாண்டிய கதை இன்னும் விசித்திரம். பொன் தேடி வந்த ஸ்பானிய வீரர்கள் குருவின்றிச் செத்தார்களாம். அவர்கள் ஆன்மாக்களின் பெயரால் கொலராடோவில் ஓர் ஆற்றுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் என்று பெயராயிற்று. பிரெஞ்சு வேட்டைக்காரர்கள் அதை ‘புர்காத்வார்’ ஆக்கினார்கள். மாடு மேய்த்த அமெரிக்கர்கள் வாயில் அது ‘பிக்கெட்வயர்’ ஆனது. அதே மாநிலத்தில் 1965-இல் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற பெயரிலேயே ஒரு பனிச்சறுக்கு விடுதியும் திறந்தது. 2000-இல் நிர்வாகம் வேறு பெயர் சூட்டிப் பார்த்தது. 2015-இல் பழைய பெயரே திரும்பியது. சறுக்குவோர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள்.