வடக்கின் நரகம்: போர் பெயர் வைத்த ஒரு சைக்கிள் ஓட்டம்

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பிரான்சின் வடக்கே ஒரு துவிச்சக்கர வண்டி ஓட்டப் போட்டி நடைபெறுகிறது. பெயர் பாரிஸ்–ரூபே. முதன்முதலில் 1896 இல் ஓடப்பட்டது. இன்று சுமார் 260 கிலோமீற்றர் தூரம். அதில் 55 கிலோமீற்றர் வரையானது தார் போடாத, கருங்கல் பாவிய பழைய வயல்வீதி. இந்தப் போட்டிக்கு ‘வடக்கின் நரகம்’ என்று இன்னொரு பெயரும் உண்டு.

வீரர்களின் கைகளை உதறவைத்து, சில்லுகளை உடைக்கும் அந்தக் கற்கள்தான் பெயருக்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அந்தப் பெயரை வைத்தது போர்.

1919 இல் கண்ட காட்சி

முதலாம் உலகப் போரில் வடபிரான்சு நான்கு ஆண்டுகள் முன்னரங்காக இருந்தது. ரூபே நகரம் 1914 ஒக்டோபர் முதல் 1918 ஒக்டோபர் வரை ஜேர்மனியப் படைகளின் பிடியில் இருந்தது. போட்டியும் நின்றுபோனது. முன்னர் அதை வென்ற இருவர் திரும்பி வரவேயில்லை. 1913 இல் வென்ற பிரான்சுவா ஃபபேர் 1915 மே மாதத்தில் ஆர்த்துவா களமுனையில் கொல்லப்பட்டார். 1909, 1910, 1911 என மூன்று முறை தொடர்ந்து வென்ற ஒக்தாவ் லாபீஸ் போர் விமானியானார். 1917 இல் அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது.

1918 நவம்பர் 11 இல் போர்நிறுத்தம். அடுத்த ஏப்ரலிலேயே போட்டியை மீண்டும் நடத்துவதென்று ஏற்பாட்டாளர்கள் தீர்மானித்தார்கள். வீதி இருக்கிறதா என்று பார்த்துவர ஓட்டவீரர் யூஜின் கிறிஸ்தோபும் பத்திரிகையாளர் விக்டர் பிரேயரும் முன்கூட்டியே புறப்பட்டார்கள். வடக்கே போகப் போக வீடுகள் குறைந்தன. பிறகு மரங்களும் இல்லை. எறிகணைக் குழிகள், பதுங்கு அகழிகள், முட்கம்பி, அவற்றுக்கிடையே மரச் சிலுவைகள். இதைப் பத்திரிகைகள் எழுதியபோது வந்த சொல்தான் ‘வடக்கின் நரகம்’.

1919 ஏப்ரல் 20 இல் போட்டி நடந்தது. வென்றவர் ஹென்றி பெலிசியே. 280 கிலோமீற்றரைக் கடக்க அவருக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் மேல் எடுத்தது. சராசரி வேகம் மணிக்கு 23 கிலோமீற்றரைக்கூட எட்டவில்லை. 2024 இல் வென்றவரின் சராசரி வேகம் மணிக்கு 47.8 கிலோமீற்றர். வண்டியும் பயிற்சியும் வளர்ந்தது இந்த வேறுபாட்டின் ஒரு பகுதிதான். பெலிசியே ஓடியது சிதைந்துபோன வீதியில்.

கற்கள் காப்பாற்றப்பட்ட விதம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊர்கள் வளர்ந்தன. கல்வீதிகள் ஒவ்வொன்றாகத் தாரால் மூடப்பட்டன. 1960களில் போட்டிக்குக் கற்களே கிடைக்காது போலிருந்தது. அப்போது அரன்பேர்க் காட்டினூடான நேர்வீதியைக் காட்டிக்கொடுத்தவர் முன்னாள் உலகச் சாம்பியன் ஜோன் ஸ்டாப்லின்ஸ்கி. போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை அவர். அந்தக் காட்டின் கீழே இருந்த நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 1968 இல் அந்த வீதி போட்டியில் சேர்க்கப்பட்டது. நீளம் இரண்டரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆனாலும் போட்டியின் மிகக் கடினமான மூன்று பகுதிகளில் அதுவும் ஒன்று.

இன்று இந்தக் கற்களைப் பராமரிக்கவென்றே தொண்டர் சங்கம் ஒன்று இயங்குகிறது. வென்றவருக்குக் கொடுக்கும் பரிசும் ஒரு பாவுகல்தான்.

அணிகள் கணக்குப் போடும் விதம்

சாதாரண வீதி ஓட்டத்தில் முன்னால் செல்பவர் காற்றை வெட்டுகிறார், பின்னால் வருபவர் பலத்தைச் சேமிக்கிறார். கல்வீதியில் இந்தக் கணக்கு மாறுகிறது. வீதி ஒடுக்கம். ஒருவர் விழுந்தால் பின்னால் வரும் ஐம்பது பேரும் நிற்கவேண்டும். ஆகவே கல் தொடங்குவதற்கு முன்னுள்ள ஓரிரு கிலோமீற்றரே மிகக் கடுமையான போர்க்களம். ஒவ்வோர் அணியிலும் ஏழு பேர். அவர்களில் நாலைந்து பேரின் வேலை, தலைவரை முதல் இருபது பேருக்குள் கல்லில் இறக்கிவிடுவதுதான். அதன்பின் அவர்கள் பின்தங்கினாலும் கடமை முடிந்தது. தலைவருக்குக் காற்றுப் போனால் தம் சில்லைக் கழற்றிக் கொடுப்பதும் அவர்களே.

அடுத்த கணக்கு, எண்ணிக்கை. முன்னணிக் குழுவில் ஓர் அணிக்கு இருவர் இருந்தால், ஒருவர் பாய்ந்து செல்லலாம், மற்றவர் துரத்துவோரின் பின்னால் சும்மா இருக்கலாம். 2024 இல் மத்யூ வன் டெர் பூல் முடிவுக்கு 60 கிலோமீற்றர் இருக்கையில் தனியே பிரிந்தார். துரத்திய குழுவில் அவரது அணியின் வேக ஓட்டவீரர் ஜஸ்பர் பிலிப்சன் இருந்தார். துரத்திப் பிடித்தாலும் இறுதியில் பிலிப்சன் முந்திவிடுவார் என்று மற்றவர்களுக்குத் தெரியும். முழு மூச்சாகத் துரத்த எவருக்கு மனம் வரும்? வன் டெர் பூல் மூன்று நிமிட இடைவெளியில் வென்றார். இரண்டாமிடம் பிலிப்சனுக்கு.

எண்ணிக்கை மிகுந்தால் வேறு சிக்கல். 1996 இல் மப்பேய் அணியின் மூவர் மட்டும் தனியே முன்னேறினார்கள். வெல்லப்போவது யார் என்பதை அணியின் மேலிடமே தீர்மானித்தது. யொஹான் முசேயூ முதலில் கோட்டைக் கடந்தார். அது விளையாட்டா, கட்டளையா என்று ரசிகர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

யார் நல்ல நிலையில் இருக்கிறார்?

பெப்ரவரி முடிவிலிருந்தே ரசிகர்கள் இதைக் கணிக்கத் தொடங்குவார்கள். பெல்ஜியத்தின் சிறிய கல்வீதிப் போட்டிகளில் யார் எந்த மேட்டில் முன்னால் இருந்தார், யார் கடைசி அரை மணித்தியாலத்தில் தளர்ந்தார் என்று பார்ப்பார்கள். ஏப்ரலில் வரும் பிளாண்டர்ஸ் சுற்று பெரிய சோதனை. ஆனால் அங்கே குட்டையான செங்குத்து மேடுகள், பாரம் குறைந்தவருக்கும் வாய்ப்புண்டு. ரூபே தட்டை நிலம், பாரமும் பலமும் உள்ளவருக்கே கூடுதலாகப் பொருந்தும்.

எந்தக் கணிப்பையும் ஒரு கல் குழப்பிவிடும். 2023 இல் வவுட் வன் ஆர்ட் வெற்றிக்கு மிக அருகே வந்தவர். கடைசிக் கடினமான கல்வீதியில் அவரது ரயரில் காற்றுப் போனது. வன் டெர் பூல் தனியே போய்விட்டார்.

மறுபுறம், எவருமே கணிக்காத வெற்றியும் உண்டு. 2016 பெப்ரவரியில் அவுஸ்திரேலியரான மத்தியூ ஹேமன் விழுந்து கையை முறித்தார். வயது 37. ஐந்தாறு வாரங்களே இருந்தன. வீட்டுக்குள் நிலையாகப் பூட்டிய வண்டியில் மிதித்துப் பயிற்சி செய்தார். ஏப்ரலில், ஐந்தாவது வெற்றியைத் தேடி வந்த டொம் போனனை இறுதிப் பாய்ச்சலில் முந்தினார். அது அவருக்குப் பதினைந்தாவது ரூபே.

முசேயூவின் கதையும் அப்படித்தான். 1998 இல் அரன்பேர்க்கில் விழுந்து முழங்கால் சில்லு நொறுங்கியது. காயத்தில் கிருமி தொற்றி, காலையே எடுக்கவேண்டிய நிலை. 2000 இல் தனியே வந்து வென்றார். கோட்டைக் கடக்கும்போது அந்த முழங்காலைத் தூக்கிக் காட்டினார்.

பெண்களுக்கு இந்தப் போட்டி 2021 இல்தான் திறக்கப்பட்டது. முதலாவது வெற்றி பிரித்தானியாவின் லிஸி டைக்னனுக்கு. அவர் அன்று அணியின் தலைவர் அல்லர், முன்னால் நின்று தலைவர்களைக் காப்பதே வேலை. இடைவெளி கிடைத்தது. 82 கிலோமீற்றரைத் தனியே ஓடி முடித்தார். கைப்பிடியில் இரத்தம் படிந்திருந்தது.

இன்றும் அதே மண்

போட்டி இப்போது பாரிசில் தொடங்குவதில்லை, 1977 முதல் கொம்பியேன் நகரில் தொடங்குகிறது. 1918 போர்நிறுத்தம் கையொப்பமானது அந்த நகரையொட்டிய காட்டில்தான். அங்கிருந்து வடக்கே போய், நான்கு ஆண்டுகள் ஆக்கிரமிப்பில் இருந்த ரூபேயின் ஓட்டத்திடலில் வீரர்கள் முடிக்கிறார்கள்.

வடபிரான்சிலும் பெல்ஜியத்திலும் அன்றைய முன்னரங்கு ஓடிய வயல்களில், ஏர் இறக்கும்போது வெடிக்காத எறிகணைகள் இன்னும் கிளம்புகின்றன. விவசாயிகள் அவற்றை வரம்போரம் வைத்துவிட்டு, அகற்றும் பிரிவினருக்கு அறிவிக்கிறார்கள். நூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. அப்படியான மண்ணில் ஏர் இறக்குவது என்னவென்று எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.