கூட்டத்தின் நடுவே தனிமை

நூறு பிள்ளைகள் கூடியிருக்கும் பாடசாலையிலே தனிமையால் வாடும் பிள்ளை எது என்று கண்டறிதல் எளிதன்று. குழப்பம் விளைப்பவனை ஆசிரியர் உடனே அறிவர். வாய்திறவாது ஒதுங்கியிருக்கும் பதினாறு, பதினேழு வயது மாணவனையோ ‘அடக்கமானவன்’ என்று பாராட்டி விடுவர். மறைந்து கிடக்கும் இத்துயரைக் கண்டறிய அறிஞர் முயன்ற வரலாறு தொண்ணூறு ஆண்டுக்கு மேற்பட்டது.

1932ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், நியூயோர்க் மாநிலத்து ஹட்சன் நகரிலிருந்த பெண்பிள்ளைகளின் சீர்திருத்தப் பாடசாலையிலிருந்து இரண்டே வாரத்துள் 14 பேர் தப்பியோடினர். அங்கு ஆய்வு நடத்திய மனநோய் மருத்துவர் ஜேக்கப் மொரேனோ, ஓடியவர்களின் குணத்தினும் அவர்களிடையே நிலவிய உறவுகளையே பெரிதாக ஆராய்ந்தார். யாருடன் ஒரே இல்லத்தில் வாழ விரும்புகின்றனர் என்று மாணவியரை வினவி, விடைகளை வட்டங்களாகவும் கோடுகளாகவும் வரைந்தார். சில வட்டங்களை நோக்கிப் பல கோடுகள் சென்றன. சிலவற்றை நோக்கி ஒன்றேனும் செல்லவில்லை. கண்ணுக்குப் புலப்படாத தனிமை தாளிலே உருப்பெற்றது. இவ்வாய்வு 1934இல் நூலாக வெளிவந்தது.

எனினும், அப்படம் காட்டியது பிறர் விருப்பத்தையே. பிள்ளையின் உள்ளத்தை அன்று. பலர் விரும்பும் மாணவியும் உள்ளூரத் தனித்திருத்தல் கூடும். தனியே நூல் படித்து மகிழ்பவனுக்கு யாதொரு குறையும் இல்லாதிருத்தலும் கூடும். 1973இல் ரொபேட் வைஸ் என்னும் அறிஞர் தனிமையை இருவகையாகப் பிரித்தார். நெருங்கிய ஒருவர் இன்மையால் வருவது ஒன்று. சேர்ந்து பழகும் கூட்டம் இன்மையால் வருவது மற்றொன்று. 1978இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்ணியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருபது கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தனர். 1980இல் திருத்தப்பெற்ற அதன் வடிவம், துணை குறைவா, தன்னை உள்ளபடி அறிந்தவர் உளரா என்பன போன்றவற்றை உரியவரிடமே கேட்டறிகிறது. வெளியிலிருந்து கணிக்கும் நிலை மாறி, உணர்பவரின் சொல்லே சான்றாயிற்று.

அச்சான்று இன்று கவலை தருகிறது. பதினைந்து வயது மாணவரிடம் பல நாடுகளில் பெற்ற விடைகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2021இல் வெளியாயிற்று. 2012க்கும் 2018க்கும் இடையில், ஆராய்ந்த 37 நாடுகளுள் 36இல் பாடசாலைத் தனிமை மிகுந்திருந்தது.

அளவுகோல் வகுப்பின் நிலையை உரைக்கும். பிள்ளையின் கதையை உரைக்காது. உணவு இடைவேளையில் யாருடன் அமர்கிறான், வராத நாளில் அவனைத் தேடுவார் யார் என்று நோக்குவதும், பிறர் அறியாதவாறு அவனையே அன்போடு வினவுவதும் ஆசிரியர் கடன். விடை சொல்ல அஞ்சும் பிள்ளைக்கு, கேட்பவர் ஒருவர் உளர் என்பதே முதல் துணையாகும்.