அம்மா இறந்த பிறகு முட்டைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?

இது கொஞ்சம் நீளமான த்ரெட். ஒரு பச்சோந்தியில் ஆரம்பிச்சு கிரேக்கம், பாரிஸ், ரோம், அமெரிக்கக் கடலோரம்னு சுத்திட்டு மறுபடி அந்தப் பச்சோந்திக்கே வரும். பொறுமையா படிங்க.

போன வருஷம் ஒரு நைட் டூட்டி. விடிகாலை மூணு மணி. ஒரு தேள்கடி கேஸுக்கு மருந்து போட்டுட்டு உட்கார்ந்தேன், போன் அடிச்சது. ஜெர்மனியில் இருக்கும் பள்ளித் தோழி. அங்கே இரவு பதினொன்றரை.

"டேய், மரகதம் செத்துட்டாடா."

மரகதம் அவள் ரெண்டு வருஷமா வளர்த்த பெண் பச்சோந்தி. நம்ம ஊர் வேலியில் பார்க்கிற இனம் இல்லை. ஏமன், சவுதி மலைப்பகுதியைச் சேர்ந்தது. தலையில் கொண்டை போட்ட மாதிரி ஒரு தூக்கல் இருக்கும். அங்கே பண்ணையில் பிறந்ததை முறைப்படி வாங்கி வளர்க்கலாம். (நம்ம நாட்டுப் பச்சோந்தியைப் பிடிச்சு வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இதைப் படிச்சுட்டு யாரும் வேலியோரம் தேடிப் போகாதீங்க.)

"முட்டை போட முடியாமயே போயிட்டா. நாலு நாளா மண்ணைத் தோண்டித் தோண்டிப் பாத்துட்டு விட்டுட்டா. வயித்துல அத்தனையும் இருக்குடா. வெட்டி எடுத்தா பொழைக்குமா?"

நான் எம்.பி.பி.எஸ். மனுஷங்களுக்கு டாக்டர். ஆனா அந்தக் கேள்வியை நான் அதுக்கு முன்னாடியே ஒருத்தர் வாயிலிருந்து கேட்டிருக்கேன். அதை அப்புறம் சொல்றேன்.

அவளிடம் ரெண்டே விஷயம் சொன்னேன். ஒண்ணு, நீ கத்தி எடுக்காதே, ஊர்வன பார்க்கிற அவசர கால்நடை மருத்துவர் யாருன்னு தேடு. ரெண்டு, முதல்ல அவ நிஜமாவே செத்துட்டாளான்னு அவர் உறுதி பண்ணட்டும்.

ரெண்டாவது விஷயம் சும்மா சொன்னதில்லை. ஊர்வனவற்றில் மரணத்தை உறுதி செய்வது லேசுப்பட்ட காரியம் கிடையாது. உடம்பு அசைவில்லாமல் போனாலும் இதயம் நெடுநேரம் துடித்துக்கொண்டிருக்கும். இதைப் பச்சோந்தியிலேயே பார்த்து எழுதி வைத்தவர் அரிஸ்டாட்டில். இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பச்சோந்தியின் உடம்பை நீளவாக்கில் திறந்து பார்த்தவர், திறந்த பிறகும் அது ரொம்ப நேரம் மூச்சு விட்டது, இதயப் பக்கம் லேசான அசைவு இருந்தது என்று பதிவு செய்திருக்கிறார். படிக்க நமக்கே வலிக்கும். ஆனா கண்ணால் பார்த்ததை எழுதினார்.

அடுத்து வந்த ரோமானியர் பிளினி அந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை. பச்சோந்தி தின்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை, காற்றை மட்டுமே குடித்து வாழ்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். இந்தக் கதையை ஐரோப்பா நூற்றாண்டுக் கணக்கில் நம்பியது. வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே ஃபார்வர்டு இப்படித்தான் ஓடியிருக்கிறது.

இந்த நம்பிக்கையை அறுவை மேசைக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் ஒரு டாக்டர். பெயர் குளோத் பெரோ. 1666இல் தொடங்கிய பாரிஸ் அறிவியல் அகாடமியின் ஆரம்பகால உறுப்பினர். லூவ்ர் அரண்மனையின் கிழக்குத் தூண் வரிசை வடிவமைப்பிலும் இவருக்குப் பங்கு உண்டு. சிண்ட்ரெல்லா கதையை எழுதிய ஷார்ல் பெரோ இவருடைய தம்பி. அப்படி ஒரு குடும்பம்! எகிப்திலிருந்து வந்த பச்சோந்தி ஒன்று இறந்ததும் அதை அறுத்துப் பார்த்து, நீர்நாய் மாதிரியான பீவர், ஒட்டகம், கரடி, மான் ஆகியவற்றோடு சேர்த்து 1669இல் ஒரு நூலாக வெளியிட்டார். இதே பெரோ 1688இல் இறந்தார். ஒட்டகம் ஒன்றை அறுத்தபோது தொற்றிய கிருமிதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. நம்ம தொழிலின் ஆபத்து அப்பவே அப்படித்தான்.

அதே பாரிஸில், அதே காலத்தில் இன்னொருவர் பச்சோந்தி வைத்திருந்தார். அறுப்பதற்கு இல்லை, வளர்ப்பதற்கு. மாட்லென் த ஸ்குதெரி. அன்றைய பிரான்ஸின் பெரிய நாவலாசிரியை. 1672இல் எகிப்திலிருந்து அவருக்குப் பச்சோந்திகள் வந்தன. விலங்குகள் வெறும் இயந்திரம் என்று தெகார்த் சொன்னதை அவர் ஏற்கவில்லை. தான் வளர்த்த இரண்டு பச்சோந்திகளின் வரலாற்றை எழுதி 1688இல் வெளியிட்டார். வெயில் குறைந்த பாரிஸில் எகிப்துப் பிராணியை உயிரோடு வைத்திருக்க என்ன பாடுபட்டிருப்பார் என்று யோசிச்சுப் பாருங்க. என் தோழி மாதிரி விளக்கு, வெப்பமானி எல்லாம் அவரிடம் இல்லை.

ஆக, ஒருத்தர் உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கத் திறந்தார். இன்னொருத்தர் உயிரோடு இருக்கும்போது அது யாருன்னு பார்த்தார். உள்ளே இருக்கிற அடுத்த தலைமுறையைக் காப்பாற்றத் திறப்பது வேற கதை. அந்தக் கதை மனுஷங்க பக்கத்தில்தான் பழசு.

ரோமாபுரியின் பழைய அரச சட்டம் ஒன்று, கர்ப்பிணி இறந்தால் குழந்தையை வெளியே எடுக்காமல் அடக்கம் செய்யக் கூடாது என்றது. நூமா அரசர் போட்ட சட்டம் என்பது மரபு. நம்ம நாட்டில் சுஸ்ருத சம்ஹிதையும், தாய் இறந்து வயிற்றில் அசைவு தெரிந்தால் தாமதிக்காமல் கீறி எடுக்கச் சொல்கிறது. (ஜூலியஸ் சீசர் இப்படிப் பிறந்ததால்தான் சிசேரியன் என்ற கதையை விட்டுடுங்க. அவர் அம்மா அவுரேலியா, மகன் தளபதியாகி காலியாவில் போர் செய்துகொண்டிருந்த காலம் வரை உயிரோடு இருந்தவர்.)

பிறகு ஐரோப்பாவில் திருச்சபையும் இதை வலியுறுத்தியது. அங்கே நோக்கம் வேறு. குழந்தை ஞானஸ்நானம் பெறாமல் சாகக் கூடாது. சிசிலிப் பாதிரியார் காஞ்சாமிலா 1745இல் இதுக்காகவே ஒரு தனிப் புத்தகம் எழுதினார். அந்தக் குழந்தைகளில் பலவும் சில நிமிடங்களே வாழ்ந்தவை.

ஏன் பிழைக்கவில்லை? காரணம் கத்தியில் இல்லை, கடிகாரத்தில். குழந்தைக்கு ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாக அம்மாவின் ரத்தத்திலிருந்து மட்டுமே வரும். அம்மா இதயம் நின்றால் அந்தக் குழாய் மூடியாச்சு. 1986இல் அமெரிக்க மருத்துவர் காட்ஸும் சகாக்களும் பழைய கேஸ்களை அலசிப் பார்த்து ஒரு கணக்கு சொன்னார்கள்: இதயம் நின்ற நாலாவது நிமிடத்தில் கீறத் தொடங்கு, ஐந்தாவது நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வரணும்.

அதில் இன்னொரு விஷயமும் இருந்தது. நிறைமாத கர்ப்பப்பை, உடம்பின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு போகும் பெரிய சிரையை அழுத்திக்கொண்டிருக்கும். குழந்தையை எடுத்தால் அந்த அழுத்தம் போகும், நெஞ்சு அழுத்தும் சிகிச்சைக்குப் பலன் கூடும், அம்மாவே திரும்பி வரலாம். இரண்டாயிரம் வருஷமா 'அம்மா போயிட்டா, புள்ளையையாவது' என்று செய்த காரியம், அம்மாவுக்கான சிகிச்சையாக மாறியது இப்படித்தான்.

இப்போ அந்தக் கேள்வி. எனக்கு வேலையில் இரண்டாவது வருஷம். சாலை விபத்து, எட்டு மாதக் கர்ப்பிணி. வரும்போதே உயிர் இல்லை. விபத்து நடந்து முக்கால் மணி நேரம். கணவர் கையில் சிராய்ப்போடு நின்றார். "சார், புள்ளையையாவது எடுத்துக் குடுங்க சார்." ஸ்கேன் ப்ரோபை வைத்தேன். குழந்தையின் இதயம் அசையவில்லை. இன்னொரு தடவை வைத்தேன், மூணாவது தடவையும். முதல் தடவையே எனக்குத் தெரியும். அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் வைத்தேன். நாலு நிமிடம், முக்கால் மணி நேரம் என்ற கணக்கை அவரிடம் என்னால் சொல்ல முடியலை.

அதனால் தோழி "பொழைக்குமா"ன்னு கேட்டதும் என் வாயில் வந்தது "இல்லை"தான். நல்லவேளை சொல்லலை. ஏன்னா முட்டையின் கடிகாரம் வேற.

முட்டைக்குள் மஞ்சள் கரு இருக்கு, தண்ணீர் இருக்கு. வெளியிலிருந்து முக்கியமாகத் தேவைப்படுவது ஆக்சிஜன்தான், அதுவும் ஓடு வழியாக. ஆமைகளை எடுத்துக்கோங்க. முட்டை தாயின் குழாயில் இருக்கும்வரை, கரு ஒரு கட்டத்துக்கு மேல் வளராமல் அப்படியே நின்றுவிடும். உள்ளே ஆக்சிஜன் குறைவாக இருப்பதுதான் அந்தப் பிரேக் என்று ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். முட்டை வெளியே வந்து காற்றுப் பட்டதும் வளர்ச்சி தொடங்கும். மனுஷக் குழந்தையைக் கொல்கிற அதே ஆக்சிஜன் குறைவு, அங்கே கருவைக் காத்திருக்க வைக்கிறது. மரகதத்தின் இனத்திலும் முட்டை ரொம்ப ஆரம்ப நிலையில்தான் வெளியே வரும். இட்ட பிறகும் வாரக்கணக்கில் கரு தூங்கும். அதாவது அவள் வயிற்றில் இருந்தவை குட்டிகள் இல்லை, சின்ன செல் தட்டுகள். அவற்றின் பசி ரொம்பக் கம்மி. இங்கே கடிகாரம் ஓடுவது நிமிடத்தில் இல்லை, மணிக்கணக்கில். அம்மா உடல் அழுகத் தொடங்கும் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கு.

இது வெறும் ஊகம் இல்லை. இதை வருஷா வருஷம் செய்கிற ஒரு இடம் இருக்கு.

அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையின் உவர் சதுப்புகளில் டயமண்ட்பேக் டெரப்பின் என்ற ஆமை வாழ்கிறது. ஓட்டின் ஒவ்வொரு தகட்டிலும் வைரம் செதுக்கிய மாதிரி வளையங்கள். இதன் துரதிர்ஷ்டம், இதன் கறி ருசி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டெரப்பின் சூப் பணக்கார விருந்துகளின் கௌரவப் பண்டம். பிடிச்சுப் பிடிச்சுக் கிட்டத்தட்டத் துடைச்சே போட்டார்கள். அதைக் காப்பாற்றியதில் மதுவிலக்குக்கும் ஒரு பங்கு உண்டு என்பார்கள்! அந்த சூப்புக்கு ஷெர்ரி ஒயின் வேணும். 1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்ததும் ஒயின் இல்லை, சூப்பும் மவுசு இழந்தது.

சட்டியிலிருந்து தப்பிய ஆமைக்கு அடுத்த எமன் கார். நியூ ஜெர்சியின் தென்முனையில் சதுப்பின் நடுவே மண்ணைக் கொட்டி உயர்த்திக் கடற்கரை ஊர்களுக்குச் சாலை போட்டார்கள். பெண் ஆமைக்கு முட்டையிட, அலை ஏறாத மேட்டு மண் வேணும். சுற்றிலும் இருந்த மேடு அந்தச் சாலை ஓரம்தான். ஜூன், ஜூலையில் முட்டையோடு ஏறி வரும். அதே மாதங்களில்தான் ஊரே கடற்கரைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகும். அடிபடுவது பெரும்பாலும் முட்டை சுமந்த தாய்கள்.

ஸ்டோன் ஹார்பர் ஊரில் உள்ள வெட்லேண்ட்ஸ் இன்ஸ்டிடியூட் 1989இலிருந்து அந்தச் சாலைகளில் ரோந்து போகிறது. முதல் ஏழு வருஷத்தில் மட்டும் நாலாயிரத்துக்கு மேல் செத்த ஆமைகளை எண்ணினார்கள். எண்ணுவதோடு நிற்கலை. ஓடு நொறுங்கிக் கிடக்கும் தாயின் வயிற்றிலிருந்து உடையாத முட்டைகளை எடுத்து அடைகாக்கும் பெட்டியில் வைத்தார்கள். வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் டெரப்பினில் பெண் குஞ்சுகள் பிறக்கும், அதனால் அப்படியே வைத்தார்கள். சாலையில் போனது தாய்கள் தானே. குஞ்சுகளைப் பக்கத்தில் உள்ள ஸ்டாக்டன் பல்கலைக்கழகம் குளிர்காலம் முழுக்க வெதுவெதுப்பில் வளர்த்து, அடுத்த கோடையில் அதே சதுப்பில் விடும். எல்லா முட்டையும் தேறாது. ஆனா தேறியது எல்லாம், சாலையில் கிடந்த ஒரு பிணத்திலிருந்து வந்தது.

பச்சோந்தியிலேயே இதன் உச்சம் ஒண்ணு இருக்கு. தென்மேற்கு மடகாஸ்கரில் லாபோர்ட் பச்சோந்தி. மழையோடு நவம்பரில் பொரிக்கும், ரெண்டு மாதத்தில் வயசுக்கு வரும், முட்டையிட்டு அந்தப் பருவத்திலேயே செத்துப்போகும். வருஷத்தில் பாதிக்கு மேல் அந்தக் காட்டில் அந்த இனம் மண்ணுக்கடியில் முட்டையாக மட்டுமே இருக்கும். பெரியவங்க ஒருத்தர்கூட மிச்சமில்லாமல். 2008இல் இது ஆய்வாக வெளிவந்தபோது, நாலு கால் பிராணிகளில் இவ்வளவு குறுகிய ஆயுசு வேறெதற்கும் தெரியவந்ததில்லை.

சரி, மரகதம்.

அவசர மருத்துவர் ஒருத்தி கிடைத்தார். டாப்ளர் வைத்துப் பார்த்து இதயம் நின்றதை உறுதி செய்துவிட்டுத் திறந்தார். நாற்பத்து மூணு முட்டைகள். காரணத்தையும் அவரே சொன்னார்: தொட்டியில் மண் ஆழம் போதலை, தோண்டித் தோண்டி அவளுக்குப் பிடிக்கலை, அடக்கி வைத்துவிட்டாள். தோழி அதுக்கப்புறம் ஒரு மாசம் என்னிடம் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் பேசினாள். என்னிடம் பதில் இல்லை. மண் ஆழம் போதலை என்பது உண்மை.

முட்டைகளைப் புரட்டாமல், மேல் பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, ஈரமான வெர்மிகுலைட்டில் பாதி புதைத்து வைத்தாள். ஊர்வன முட்டையில் கரு வளரத் தொடங்கியதும் ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு புரட்டினால் செத்துப்போகும். நம்ம சென்னைக் கடற்கரையில் 1988இலிருந்து ஆமை முட்டைகளைச் சேகரிக்கும் மாணவர்கள் இட்ட ராத்திரியே எடுத்துக் குழிக்கு மாற்றுவதும் இதனால்தான்.

முதல் மாசத்திலேயே இருபத்தெட்டு மஞ்சளாகிச் சுருங்கிப் போச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா பூஞ்சை. ஆறாவது மாசம் மிச்சம் ஐந்து. ஒவ்வொரு ஞாயிறும் போட்டோ அனுப்புவாள், நான் ஏதோ ரிப்போர்ட் பார்க்கிற மாதிரி ஜூம் பண்ணிப் பார்ப்பேன். எட்டாவது மாசம் மூணு முட்டைகளின் மேல் வியர்வை மாதிரி துளிகள். ரெண்டு நாள் கழித்து ரெண்டு கீறல். மூணாவது திறக்கவே இல்லை.

இந்த இனத்தில் ஆண் குட்டிக்குப் பிறக்கும்போதே பின்னங்கால் குதியில் ஒரு சின்ன முளை இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தாளாம். ரெண்டுக்கும் இல்லை. ரெண்டும் பெண்.

நேத்து ஒரு போட்டோ அனுப்பினாள். குட்டிகள் இல்லை அதில். புதுசா வாங்கின மண் தொட்டி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்திருக்கிறாள். முப்பத்தைந்து சென்டிமீட்டர் ஆழம். "இது போதுமாடா?"ன்னு கேட்டிருக்கா. அந்த மருத்துவரிடம் கேட்கச் சொல்லியிருக்கேன்.