யாகூ குழுமங்களின் மறைவு: ஒரு வரலாற்று நோக்கு

திருவண்ணாமலைக்கு உரியவராகப் போற்றப்படும் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ்ப் பாடல்கள் பதினாறாயிரம் என்பது மரபுவழிச் செய்தி. தமிழுலகிற்குக் கிட்டியவை ஏறத்தாழ 1300. அவையும் தாமே வந்து சேர்ந்தவை அல்ல. நீதித்துறையில் பணியாற்றிய வ. த. சுப்பிரமணிய பிள்ளை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏடு வைத்திருந்தோரைத் தேடித் தேடிப் பெற்று, ஒப்புநோக்கிப் பதிப்பித்தமையால் வந்தவை. எஞ்சியவை என்று அழிந்தன என்று நாள் குறிக்க எவராலும் இயலாது. கறையானும் வெள்ளமும் அறிவித்துவிட்டு வருவதில்லை.

நாள் குறித்து, முன்னறிவிப்புத் தந்து, தமிழ் எழுத்துக் களஞ்சியம் ஒன்று அழிக்கப்பட்ட நிகழ்ச்சி இருபத்தொன்றாம் நூற்றாண்டுக்கே உரியது. 2019 அக்டோபரில் யாகூ நிறுவனம் தன் குழுமங்களைப் பற்றி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அக்டோபர் 28க்குப் பின் தளத்தில் புதிதாக எதனையும் ஏற்ற இயலாது. டிசம்பர் 14க்குப் பின் அங்குள்ளவை நீக்கப்படும் என்பது அதன் சாரம். எதிர்ப்புக் குரல் எழுந்தபின், தத்தம் செய்திகளைப் படியெடுத்துக்கொள்ள 2020 ஜனவரி 31 வரை தவணை தரப்பட்டது. அஞ்சல்வழிப் போக்குவரவு மட்டும் சில காலம் நீடித்து, 2020 டிசம்பர் 15 அன்று அதுவும் நின்றது. உலகெங்கும் இலட்சக்கணக்கான குழுமங்கள் இவ்வாறு மறைந்தன. அவற்றுள் தமிழ்க் குழுமங்களும் இருந்தன என்பது தமிழிலக்கிய வரலாற்றில் இன்னும் ஒரு பக்கமாகக்கூட எழுதப்படவில்லை.

இவ்வவைகளின் தோற்றத்தைச் சற்றே பின்னோக்கிக் காணுதல் வேண்டும். 1979இல் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் இருவர் கருக்கொண்ட யூஸ்நெட் என்னும் அமைப்பே செய்திக்குழுக்களுக்கு மூலம். அதற்கு உடைமையாளர் என ஒருவர் இல்லை. ஒரு கணினியில் இட்ட செய்தி பல கணினிகளுக்கும் சென்று ஆங்காங்கே தங்கும். ஏடு பெயர்த்தெழுதிப் பல ஊர்களில் வைத்த பழந்தமிழ் வழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம். தமிழ்ப் பண்பாட்டுக்கென்று ஒரு குழு அங்கே இயங்கியது. தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் உலவின. 1990களின் நடுப்பகுதியில் பாலா பிள்ளை தோற்றுவித்த தமிழ்.நெட் மடலாடற்குழுவும், மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல் மென்பொருளும் தமிழ் எழுத்திலேயே மடல் எழுத வழி வகுத்தன. திஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டு முறை இத்தகைய மின்னஞ்சல் விவாதங்களில் உருப்பெற்றது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும் இச்சூழலின் விளைவே. எழுத்துக்கும் இலக்கியத்துக்கும் அடித்தளமிட்டவை இக்கடிதங்கள் என்றால் அது மிகையன்று.

2000இல் யாகூ, ஈகுரூப்ஸ் என்னும் நிறுவனத்தை விலைக்கு வாங்கித் தன் குழுமங்களை விரிவாக்கியது. கட்டணம் இல்லை, எவரும் தொடங்கலாம். அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப், சந்தவசந்தம் எனத் தமிழர் அவைகள் அங்கே பெருகின. மலேசியாவில் வாழ்ந்த மருத்துவர் ஜெயபாரதியின் அகத்தியர் குழுமத்தில் வரலாறும் சமயமும் ஆயப்பெற்றன. கவிஞர்கள் கருதத்தக்கது சந்தவசந்தம். இலந்தை இராமசாமியைத் தலைமையாகக் கொண்ட அக்குழுவில் மரபுக்கவிதையே உயிர். கடல் கடந்து வாழ்ந்தோர் மடல்வழியே கவியரங்கம் நடத்தினர். தலைவர் அழைப்பார், கவிஞர் தம் ஊரிலிருந்தே பாடி விடுப்பார், பாராட்டும் திருத்தமும் மடல்களாகவே வரும். கனடாவில் பேராசிரியராக இருந்த பசுபதி இணையவழி யாப்புக் கற்பித்தார். ‘கவிதை இயற்றிக் கலக்கு’ என்னும் அவர் நூல் அப்பயிற்சியின் அச்சு வடிவம் எனலாம்.

நூலாகியது நின்றது. நூலாகாதது எது என்பதே வினா. கவிஞர் தம் பாடலைத் தாமே காத்துக்கொள்வர். அது வேறோரிடத்தில் வெளிவரவும் கூடும். ஆயின் வெண்பாவில் தளை தட்டுகின்றது என்று ஒருவர் சுட்டியதும், அதனை மறுத்து மற்றொருவர் உரைகாரரைச் சான்று காட்டியதும், ஈற்றில் சீர் ஒன்று மாறியதும் எவர் நூலிலும் இடம்பெறா. பழம் பாடல்களின் பிறப்புக் கதைகளைத் தனிப்பாடல் திரட்டுகளின் துணைகொண்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது. இக்காலப் பாடல்களுக்கோ நாளும் நேரமும் குறித்த சான்று இருந்தது. அதுவே நீக்கப்பட்டது.

ஒரு மென்பொருள் நிறுவனம் தன் குழுக்களை மூடுவது அதுவே முதன்முறையன்று. 2010இல் மைக்ரோசாப்ட் தன் ஏறத்தாழ 2000 பொதுச் செய்திக்குழுக்களை மூடியது. எனினும் அச்செய்திகள் யூஸ்நெட் வழியே பிற கணினிகளையும் முன்பே அடைந்திருந்தமையால் அவற்றின் படிகள் எஞ்சின. யாகூ குழுமங்களோ ஒரே நிறுவனத்தின் கிடங்கில் இருந்தன. அந்நிறுவனமும் 2017இல் வெரைசான் என்னும் தொலைபேசி நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. ஆவணக் காப்பில் ஆர்வம் கொண்ட தன்னார்வலர்கள் இயன்றதைப் படியெடுத்தனர். அவர்களுட் பலருடைய கணக்குகள் இடையே முடக்கப்பட்டன. நிறுவனத்துக்குத் தன் கிடங்கைக் காலி செய்ய உரிமை உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. பிறர் எழுத்தைப் படியெடுக்க வந்தவரையும் தடுத்தது பண்பாகாது.

படியெடுத்தவற்றிலும் ஓர் இடர் உண்டு. தொடக்க ஆண்டுகளின் மடல்கள் பல திஸ்கியில் எழுதப்பட்டவை. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற இலத்தீன் எழுத்துக் கோவைகளாகவே தோன்றும். மாற்றித்தரும் மென்பொருள்கள் உள்ளன. ஆயினும் அக்கோவை தமிழ் என்று அறிந்தவர் கண்ணில் அது பட வேண்டும். கல்வெட்டைப் படிக்கத் தெரியாதார் அதனைப் படிக்கட்டாக்கிய கதை ஈண்டு நினைவுக்கு வரும்.

சந்தவசந்தம் முதலியவை கூகுள் குழுமங்களுக்கு இடம்பெயர்ந்தன. அதுவும் ஒரு நிறுவனத்தின் கிடங்கே. 2024 பிப்ரவரியில் கூகுள் யூஸ்நெட்டுடன் கொண்டிருந்த தொடர்பை நிறுத்திவிட்டது. பழைய செய்திகளை மட்டும் காணலாம் என்றது.

ஒரு நற்செய்தி எஞ்சுகிறது. குழும மடல் ஒவ்வொன்றும் தளத்தில் பதிவானதோடு, அஞ்சலாகப் பெற விரும்பிய உறுப்பினர் ஒவ்வொருவர் பெட்டிக்கும் தனித்தனியே சென்றது. ஆதலின் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் சிலருடைய பழைய அஞ்சற்பெட்டிகளில் அவை கிடக்கக்கூடும், சுப்பிரமணிய பிள்ளை தேடிச் சென்ற வீட்டுப் பரண்களில் ஏடுகள் கிடந்ததைப் போல. அவற்றை ஆண்டுவாரியாகத் தொகுத்து, எழுதியவரின் இசைவு பெற்று, ஒருங்குறிக்கு மாற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட நூலகங்களில் வைக்கலாம். காலந்தான் குறைவு. ஈராண்டு திறக்கப்படாத தனியார் கணக்குகளை நீக்கும் விதியை 2023 டிசம்பர் முதல் கூகுள் நடைமுறைப்படுத்தி வருகிறது. யாகூவிலோ ஓராண்டு திறவாத அஞ்சற்பெட்டியே வெறுமையாக்கப்படும். அக்குழுமங்களில் எழுதிய மூத்தோர் பலர் மறைந்துவிட்டனர். அவர்தம் பெட்டிகளின் கடவுச்சொல் பெரும்பாலும் வீட்டாருக்குத் தெரியாது.