கையெழுத்தில்லாத உடன்படிக்கைகள்: சிக்காகோவில் ஓர் இசைத்தட்டுக் கடையின் கதை

சிக்காகோ நகரின் லிங்கன் அவெனியூவில் 2433 ஆம் இலக்கக் கட்டிடம் பயோகிராப் திரையரங்கு. 1934 ஆம் ஆண்டு ஜூலை 22 ஆம் திகதி இரவு, வங்கிக் கொள்ளையன் ஜோன் டிலிஞ்சர் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, காத்திருந்த சமஷ்டிப் புலனாய்வாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டது அந்த அரங்கின் அருகில்தான். கொள்ளையனின் மரணத்தை நினைவில் வைத்திருக்கும் அவ்வீதிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. திரையரங்கிலிருந்து சில வாசல்கள் தள்ளி, 2449 ஆம் இலக்கத்தில் 1978 ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்ட ஓர் இசைத்தட்டுக் கடையின் வரலாறு அது. கடையின் பெயர் வக்ஸ் ட்ரக்ஸ்.

கடையை நடத்தியவர்கள் இருவர். ஜிம் நாஷ் கன்சாஸ் மாநிலத்தவர். முன்னர் மணமுடித்து ஒரு மகளுக்குத் தந்தையானவர். டனி பிளெஷர் ஆர்க்கன்சா மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். இருவரும் வாழ்க்கைத் துணைவர்களாகவும் வியாபாரப் பங்காளிகளாகவும் கொலராடோவின் டென்வர் நகருக்குச் சென்று, 1975 இல் அங்கே ஒரு கடையைத் திறந்தனர். டேவிட் போவி, றொக்ஸி மியூசிக் போன்றோரின் இறக்குமதித் தட்டுகளே அவர்களது ஆரம்ப மூலதனம். மூன்றாண்டுகளில் அக்கடையை வேறு இருவருக்கு விற்றுவிட்டு சிக்காகோவுக்கு இடம்பெயர்ந்தனர். டென்வரில் வாங்கியவர்கள் பெயரை மாற்றவில்லை. ஆகவே, ஒரே பெயரில் இரு நகரங்களில், ஒன்றுடன் ஒன்று சம்பந்தமில்லாத இரு கடைகள் இயங்கலாயின.

இத்தகைய இசையுடன் பரிச்சயமற்ற வாசகர்களுக்குச் சிறு விளக்கம் தேவைப்படலாம். 1976 இல் லண்டனில் த்ரொபிங் கிறிசில் என்ற குழுவினர் தமது வெளியீட்டு நிறுவனத்துக்கு இன்டஸ்ட்ரியல் றெக்கோட்ஸ் என்று பெயரிட்டார்கள். இயந்திர இரைச்சல், வெட்டி ஒட்டிய ஒலிநாடா, மின்னணுக் கருவிகளின் ஓலம் ஆகியவற்றையே இசையாக்கியவர்கள் அவர்கள். பின்னர் அப்பெயரே ஒரு முழு வகைக்கும் ஆகிவந்தது. கோத் எனப்படுவது வேறு ஊற்று. பௌஹவுஸ் குழுவினர் 1979 இல் வெளியிட்ட, ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக நீளும் 'பேலா லுகோசிஸ் டெட்' என்ற பாடலை அதன் தொடக்கமாகப் பலர் கொள்வர். ஒரு பழைய டிரக்குலா நடிகரின் பெயரை வைத்துக் கட்டப்பட்ட இருண்ட பாடல் அது. அதை வெளியிட்டது பெரிய கம்பனி எதுவுமல்ல. லண்டனின் வோல்தம்ஸ்ரோ பகுதியில் இயங்கிய ஸ்மோல் வொண்டர் என்ற இசைத்தட்டுக் கடை. பெரிய கம்பனிகள் ஏறெடுத்தும் பாராத இசையை விற்றவர்களே அதைப் பதிப்பிக்கவும் துணிந்த காலம் அது.

லிங்கன் அவெனியூக் கடைக்குள் நுழைந்த இளைஞருக்கு இவையெல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. வானொலி இந்த இசையை ஒலிபரப்பவில்லை. பேரங்காடிகள் இதைத் தருவிக்கவில்லை. இணையம் என்ற சொல்லே பிறக்காத காலம். ஒரு தட்டைக் கேட்க வேண்டுமானால் அது கடல் கடந்து ஒரு கடைக்கு வர வேண்டும். கடைக்காரர் அதைச் சுழலவிட வேண்டும். ஷெபீல்ட், பேர்லின், பிரசெல்ஸ் நகரங்களில் என்ன நடக்கிறது என்பதைச் சிக்காகோ அறிந்துகொண்டது அந்தக் கடையின் ஒலிபெருக்கி வழியாகத்தான் என்றால் மிகையல்ல.

அந்த நகரின் அக்காலச் சூழலையும் இங்கு நோக்க வேண்டும். கடை திறந்து ஓராண்டு நிறையுமுன், 1979 ஜூலை 12 ஆம் திகதி, சிக்காகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்போல் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் முன்னின்று நடத்திய விளம்பர நிகழ்ச்சி அது. தட்டு ஒன்றைக் கொண்டுவந்தவருக்கு நுழைவுக்கட்டணம் 98 சதம். ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் பாய்ந்து, இரண்டாவது ஆட்டமே கைவிடப்பட்டது. டிஸ்கோ பெரும்பாலும் கறுப்பினத்தவரதும் தன்பாலின விருப்பாளரதும் நடனக்கூடங்களில் வளர்ந்த இசை. எரிக்கப்பட்டது இசை மட்டும்தானா என்ற கேள்வி பின்னாளில் எழுந்தது, எழுந்தது சரியே. அந்த நகரில்தான் நாஷும் பிளெஷரும், பெண்வேடக் கலைஞர் டிவைனின் தட்டு ஒன்றைத் தமது முதல் வெளியீடுகளுள் ஒன்றாக 1981 இல் கொண்டுவந்தனர்.

மற்றொன்று. 1980 மார்ச்சில் நகரின் தென்பகுதியிலிருந்த விஸ்கொன்சின் ஸ்டீல் உருக்காலை திடீரென மூடப்பட்டு 3,000 க்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்த நகரில் ஆலை இரைச்சலை இசையாக்கியவர்களின் தட்டுகள் விற்பனையாகின. இதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்த இசை அந்நகருக்கு அந்நியமாகத் தோன்றவில்லை என்பதில் வியப்பில்லை.

கடையைச் சுற்றித் திரிந்தவர்களுள் ஒருவர் ஆல் ஜோர்கன்சன். அவரது மினிஸ்ட்ரி குழுவின் முதல் தட்டை வக்ஸ் ட்ரக்ஸே வெளியிட்டது. பெல்ஜியத்தின் புரொன்ட் 242, ஹம்பேர்க்கின் கே.எம்.எப்.டி.எம்., அன்றைய யூகோஸ்லாவியாவின் சுலோவேனியாவிலிருந்து வந்த லைபாக், இங்கிலாந்தின் கொயில் ஆகிய குழுக்களின் தட்டுகள் அமெரிக்க மண்ணில் இந்த முத்திரையுடன் வெளிவந்தன. இறக்குமதிக் கடை ஒன்று, தான் இறக்குமதி செய்த இசைக்கே பதிப்பாளராயிற்று. புரொன்ட் 242 இன் உறுப்பினர் ஒருவரும், லூக் வன் அக்கர் என்ற மற்றொரு பெல்ஜியக்காரரும், ஜோர்கன்சனும் கூடி றிவோல்ற்றிங் கொக்ஸ் என்ற குழுவை அமைத்ததும் இந்தக் கடையின் நிழலில்தான்.

இங்கேதான் கதையின் மையம் இருக்கிறது. இக்குழுக்களுடன் நாஷும் பிளெஷரும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் பெரும்பாலும் வாய்மொழியானவை. கைகுலுக்கினால் போதும். வழக்கறிஞர் இல்லை, பல ஆண்டுக்காலப் பிணைப்பு இல்லை. பெரிய கம்பனிகளின் நாற்பது பக்க ஒப்பந்தங்களைக் கண்டு மிரண்ட இளம் கலைஞர்களுக்கு இதைவிடக் கவர்ச்சியான அழைப்பு வேறு இருந்திருக்க முடியாது. பிரசெல்ஸிலும் ஹம்பேர்க்கிலும் இருந்தவர்கள் தம் ஒலிநாடாக்களை நம்பி அனுப்பியது இதனாற்றான்.

நம்பிக்கையால் வளர்ந்தது எதுவோ அதுவே இடறவும் செய்தது. மினிஸ்ட்ரி முதலில் அரிஸ்ரா கம்பனிக்கும், திரும்பி வந்தபின் மீண்டும் சயர் கம்பனிக்கும் போயிற்று. புரொன்ட் 242 இன் 1991 ஆம் ஆண்டுத் தட்டு எபிக் முத்திரையுடன் வந்தது. தடுத்துநிறுத்தக் கையில் பத்திரம் ஏதுமில்லை. சென்றவர்களைக் குறைகூறுவதும் நியாயமாகாது. கைகுலுக்கல் இரு பக்கத்தையும் கட்டாது விடுவது. அதன் அழகும் அதுவே. ஆனால் வியாபாரக் கணக்குப் புத்தகம் அழகைப் பதிவதில்லை. பத்திரிகைத் தொழிலில் அரைநூற்றாண்டைக் கழித்தவன் என்ற முறையில், நியமனக் கடிதமின்றி ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களையும் நம்பி அச்சடித்து நொடித்துப்போன வெளியீட்டாளர்களையும் நான் கண்டிருக்கிறேன். ஆகவே இந்த இடத்தில் எனது அனுதாபம் இரு பக்கமும் போகிறது.

1992 நவம்பரில் வக்ஸ் ட்ரக்ஸ் வங்குறோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. நியூயோர்க்கின் டி.வி.ரி. என்ற கம்பனி அதைக் கையேற்றது. தொலைக்காட்சித் தொடர்களின் தலைப்பு இசையைத் தொகுத்து விற்று ஆரம்பமான கம்பனி அது. 1989 இல் நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் முதல் அல்பத்தை வெளியிட்டு, அதன் மூலம் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை விற்றதும் அதுவே. வக்ஸ் ட்ரக்ஸ் உழுது பண்படுத்திய நிலத்தின் மகசூலைப் பத்திரங்களுடன் வந்தவர்கள் அறுத்தார்கள் எனலாம். ஆனால் அந்தப் பத்திரங்களும் என்றென்றைக்கும் காக்கவில்லை: டி.வி.ரி. கம்பனியும் 2008 இல் வங்குறோத்து நிலையை அடைந்தது.

லிங்கன் அவெனியூவை விட்டு டேமன் அவெனியூவுக்கு மாறிய கடை, அங்கும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஜிம் நாஷ் எயிட்ஸ் நோயின் விளைவாக 1995 ஒக்டோபரில் காலமானார். அந்த நோய் அவரது தலைமுறையில் எத்தனை இசைஞரை, எத்தனை இரசிகரைக் கொண்டுசென்றது என்பதை நினைக்கையில், கடையின் வாடிக்கையாளர் கூட்டமே எவ்வளவு குறைந்திருக்கும் என்ற எண்ணம் எழுவதைத் தவிர்க்க முடியவில்லை. வக்ஸ் ட்ரக்ஸ் வெளியிட்ட கொயில் குழுவினர், 1985 இலேயே தமது தட்டு ஒன்றின் வருமானத்தை எயிட்ஸ் நோயாளருக்கான பிரித்தானிய அறநிலையம் ஒன்றுக்கு வழங்கியவர்கள்.

இருபதாண்டுகளுக்கு மேல் நாஷுடன் வாழ்ந்த பிளெஷருக்கு, அந்த வாழ்வைச் சான்றுபடுத்த அன்றைய இலினோய் மாநிலத்தில் சட்டபூர்வமான ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. வியாபார உடன்படிக்கைகளில் கையெழுத்திடாதது அவர்களது தெரிவு. இதில் அவர்களுக்குத் தெரிவே இல்லை. பிளெஷர் பின்னர் ஆர்க்கன்சாவுக்குத் திரும்பி, 2010 ஜனவரியில் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டு ஏப்ரலில் சிக்காகோவின் மெட்ரோ அரங்கில் பழைய குழுக்கள் ஒன்றுகூடி, தொடர்ந்து மூன்று இரவுகள் வாசித்தன. அந்த ஆண்டு ஜூன் முதலாந் திகதிதான் தன்பாலினத் துணைவர்களின் இணைவைப் பதிவுசெய்ய இலினோய்ச் சட்டம் வழிசெய்தது. திருமணமாகவே ஏற்றது 2014 இல்.

மெட்ரோ நிகழ்ச்சிகளை ஒழுங்குசெய்தவர்களுள் முக்கியமானவர் நாஷின் மகள் ஜூலியா. தந்தையினதும் அவரது துணைவரினதும் கதையை அவர் ஆவணப்படமாக்கி 2018 இல் வெளியிட்டார். அதற்கு முன்பே, 2014 இல், வக்ஸ் ட்ரக்ஸ் என்ற பெயரில் மீண்டும் தட்டுகளை வெளியிடவும் தொடங்கியிருந்தார்.