மரம் நடித்த களமும் மரமாகும் உடலும்: வடார்க்காட்டுக் கூத்து முதல் சோதனை நாடகம் வரை நடிகரின் ஆயத்தம்

ஆய்வுச் சுருக்கம்

இயற்கையைப் பாடுபொருளாகக் கொண்ட சோதனை நாடகத்தில் நடிகர் மரமாகவும் காற்றாகவும் நீராகவும் தம் உடலை மாற்றிக்கொள்ளப் பயில்கிறார். இப்பயிற்சி நவீன அரங்கின் கண்டுபிடிப்பு எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. பழைய வடார்க்காடு மாவட்டத்தின் கூத்து மரபில், குறிப்பாக அருச்சுனன் தபசு நிகழ்வில், நடிகருக்கும் இயற்கைக்கும் இடையே இருந்த உறவு வேறு வகையானது. அவ்வேறுபாட்டையும், 1977க்குப் பின் அம்மரபு நவீன அரங்கிற்குள் சென்றபோது நேர்ந்த மாற்றத்தையும், பாலாற்றுத் தோல் தொழில் பகுதியில் அம்மாற்றம் பெறும் பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தெருக்கூத்து, அருச்சுனன் தபசு, நடிகர் ஆயத்தம், கூத்துப்பட்டறை, பாலாறு, தோல் பதனிடுதல்.

முன்னுரை

வேலூர்க் கோட்டையை அடுத்துள்ள லாங் பஜார் வணிகத்திற்குப் பெயர்பெற்ற தெரு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றையொட்டி விரியும் தோல் தொழில் பகுதிக்கு வேலூரே நெடுங்காலம் மாவட்டத் தலைநகராக இருந்தது. 1989இல் வடார்க்காடு இரண்டாகப் பிரிக்கப்படும் வரை, செய்யாற்றுப் பகுதியிலுள்ள புரிசையும் இதே மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். தமிழ் நவீன நாடகத்தின் போக்கை மாற்றிய தம்பிரான் பரம்பரையின் ஊர் அது. ஆகவே தோலின் வரலாறும் கூத்தின் வரலாறும் ஒரே நிலப்பரப்பில் நிகழ்ந்தவை. எனினும் ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பது அரிது.

கூத்தில் இயற்கை: மரமே பாத்திரம்

திரௌபதி அம்மன் விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நிகழும். அவ்வரிசையில் தனியிடம் பெறுவது அருச்சுனன் தபசு. வில்லிபாரதத்தின் ஆரணிய பருவத்தில் அருச்சுனன் தவநிலைச் சருக்கமாக அமைந்த கதை இங்கே களத்தில் நிகழ்வாகிறது. உயரமான மரம், பெரும்பாலும் பனை, வெட்டிக் கொணரப்பட்டு நடப்படுகிறது. ஏறுவதற்குப் படிகளும் உச்சியில் அமர்வதற்குப் பரணும் அமைக்கப்படுகின்றன. அருச்சுன வேடமிட்டவர் பாடிக்கொண்டே ஏறி, உச்சியில் வழிபாடு செய்து, எலுமிச்சம்பழம், வில்வம், திருநீறு முதலியவற்றைக் கீழே வீசுகிறார். மகப்பேறு வேண்டும் பெண்கள் அவற்றை மடியேந்திப் பெறுகின்றனர். செஞ்சிப் பகுதியை மையமாகக் கொண்டு ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட திரௌபதி வழிபாடு குறித்த இரு தொகுதிகளும், ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990இல் வெளியிட்ட நூலும் இக்கூத்து, சடங்கு உலகத்தை விரிவாகப் பதிவு செய்துள்ளன.

இங்கே கவனிக்கத்தக்கது பாத்திரப் பகிர்வு. நடப்பட்ட மரம் கயிலையாகக் கொள்ளப்படுகிறது. அதாவது, மரமே ஒரு வேடம் ஏற்றுள்ளது. நடிகர் மரமாக மாற வேண்டியதில்லை. மரத்தோடு உறவுகொள்ளத் தகுதி பெற்றால் போதும். விழாவின் இறுதியில் வரும் படுகளத்திலும் இதுவே நிலை. தரையில் பேருருவாகக் கிடக்கும் துரியோதனன் மண்ணால் ஆனவன். மண்ணும் மரமும் நடிகரின் உடனடிகர்களாகவே களத்தில் நிற்கின்றன.

ஆகவே ஆயத்தமும் அதற்கேற்ப அமைகிறது. மரமேறுபவர் விரதம் காக்கிறார். கூத்தர் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்கிறார். அரிதாரம் பூசுதல் என்னும் வழக்கே ஒரு கனிமத்தின் பெயரால் அமைந்தது. தலையிலும் தோளிலும் மார்பிலும் அணியும் கட்டைகள், எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கப்பட்டவை. வேடம் கட்டி முடிக்கும்போது கூத்தர் உடலின்மேல் ஏற்கெனவே மரமும் கனிமமும் ஏறியிருக்கின்றன. இவ்வாயத்தத்தின் நோக்கம் திறனை வளர்ப்பது மட்டுமன்று; ஊர், தெய்வம், பொருள் ஆகியவற்றுக்கு நடிகரைக் கடமைப்பட்டவராக்குவதும் ஆகும்.

இம்மரபை இயற்கை பேணும் மரபு என்று எளிதில் போற்றிவிட இயலாது. தபசு மரம் வெட்டப்பட்ட மரம். கூத்தரின் அடவுக்கு உயிரூட்டும் மத்தளத்தின் முகம் விலங்கின் தோல். கூத்து இயற்கையைப் பயன்படுத்தியது. ஆயினும் பயன்படுத்தியதை மறைக்கவில்லை. பார்வையாளர் கண்முன்னே அம்மரம் நின்றது.

1977க்குப் பின்: உடலுக்குள் புகுந்த இயற்கை

1977ஆம் ஆண்டு தமிழ் நவீன அரங்கிற்கு இரு வகைகளில் திருப்புமுனையாகும். காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளியின் பயிற்சி முகாம் நடைபெற்றதும், ந. முத்துசாமியின் முயற்சியில் கூத்துப்பட்டறை உருவானதும் அவ்வாண்டில்தான். புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டதால் ஏற்பட்ட தாக்கத்தை முத்துசாமி பலகாலும் எழுதியுள்ளார். கண்ணப்பத் தம்பிரான் கூத்துப்பட்டறை நடிகர்களுக்கு ஆசானாக விளங்கினார். 1980இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை, அரங்கப் பொருள்கள் ஏதுமின்றி நடிகரின் உடலாலேயே உலகைக் காட்டும் முறையைத் தமிழ் நாடகக்காரர்களிடையே பரப்பியது.

இவ்விரு ஓட்டங்களும் கலந்தபோது ஒரு முக்கியமான இடமாற்றம் நிகழ்ந்தது. கூத்தின் அடவும் குரலும் சோதனை அரங்கிற்கு வந்தன; மரமும் மண்ணும் வரவில்லை. வெற்று மேடையில் காடு வேண்டுமெனில் நடிகர்களே காடாக வேண்டும். மூச்சை அடக்கிக் கால்களை ஊன்றி நிற்பது மரம். பலர் உடல்கள் சேர்ந்து அசைவது அலை. விரதத்தின் இடத்தைப் பயிற்சி பெற்றது. முன்னது உறவைப் புதுப்பிக்கும். பின்னது ஆற்றலைச் சேர்க்கும். நடிகரின் உடல் பெற்ற இவ்விரிவு பெரும் ஆதாயம் என்பதில் ஐயமில்லை. சாதி, சமயம், பாலினம் சார்ந்த தகுதிகள் இன்றி எவரும் மரமாகலாம் என்பதும் அதன் பேறு. ஆனால் எந்த மரம், எந்த ஊர் மரம் என்னும் கேள்விக்கு அப்பயிற்சியில் இடமில்லாமற் போயிற்று. மரம் பொதுமரமாயிற்று.

கூத்தரும் இம்மாற்றத்தைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்துவிடவில்லை. 1990இல் காஞ்சிபுரத்தில் உருவான கட்டைக்கூத்துச் சங்கம், தெருக்கூத்து என்னும் பெயரே தங்கள் கலையைத் தாழ்த்துகிறது எனக் கருதிக் கட்டையின் பெயரால் தன்னை அழைத்துக்கொண்டது. ஒரு கலை தன் மதிப்பைத் தன் மரத்தில் கண்ட நிகழ்வு இது. பாரிசின் தியாத்ர் து சொலெய் குழு 2016இல் அரங்கேற்றிய இந்தியாவில் ஓர் அறை என்னும் நாடகத்திற்காக, புரிசைக் கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான் அக்குழுவின் நடிகர்களுக்குக் கூத்துப் பயிற்றுவித்தார். புரிசையின் கல்வி உலக அரங்கின் ஆயத்தமுறைகளுள் ஒன்றாயிற்று.

தோலும் ஆறும்

இதே பத்தாண்டில் பாலாற்றங்கரையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிடுவது இப்பகுதியின் பழைய தொழில்முறை. சீதாராமையா குழு 1972இல் அளித்த பரிந்துரைகளைத் தொடர்ந்து அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. முழுமையாக்கிய தோலுக்கு ஊக்கம் கிடைத்தது. குரோம் முறை பெருகியது. அதன் விளைவை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் வழங்கிய தீர்ப்பில் காணலாம். ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்ற கணக்கெடுப்பை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இத்தீர்ப்புக்குப் பெரும்பங்குண்டு.

இத்தகைய நிலத்தில் பாலாறாக நடிக்க முனையும் நடிகர், பயிற்சிக் கூடத்தில் கற்ற அலையசைவை அப்படியே இங்கே இட முடியாது. ஓடும் நீரின் அசைவு ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றுக்குப் பொருந்தாது. தோலைப் பகையாகவும் ஆற்றைத் தூயதாகவும் காட்டும் எளிய எதிர்நிலையும் போதாது. அவர் ஆடும் அடவுக்குத் தாளம் தருவதே தோல்தான்; பார்வையாளருள் பலருக்குச் சோறு தருவதும் அதுவே. கூத்து மரபு இங்கே கைகொடுக்கிறது. பயன்படுத்திய பொருளைக் களத்தில் நிறுத்தி, அதன் முன் கடமைப்பட்டு நிற்கும் முறையை அது நமக்கு விட்டுச்சென்றுள்ளது. ஆவாரம்பட்டையும் மத்தளமும் ஆற்று மணலும் மேடையில் உடனடிகர்களாக இடம்பெற்றால், நடிகரின் ஆயத்தம் தொழிற்கூடத்திலும் ஆற்றங்கரையிலும் தொடங்கியாக வேண்டும்.

முடிவுரை

கூத்தில் இயற்கை நடித்தது, நடிகர் நோன்பிருந்தார். சோதனை நாடகத்தில் நடிகர் இயற்கையாகிறார், அதற்காகப் பயில்கிறார். பின்னது முன்னதன் இயல்பான வளர்ச்சி எனக் கொள்ளும் வழக்கு மறுபரிசீலனைக்குரியது. அடவை எடுத்துக்கொண்டு மரத்தை விட்டுவந்ததே நிகழ்ந்த வரலாறு. இயற்கையைப் பொதுக்கருத்தாக்கும் போக்கு இவ்விடுபாட்டிலிருந்து தொடங்குகிறது எனக் கருத இடமுண்டு. புரிசையும் ஆம்பூரும் ஒரே மாவட்டமாக இருந்த நிலப்பரப்பில் இவ்விரு வரலாறுகளையும் இணைத்து ஆராய்வது, நாடக ஆய்வுக்கும் சூழலியல் ஆய்வுக்கும் ஒருங்கே பயன் தரும்.