பணம் சேர்க்கச் சொல்லும் புத்தகங்களும் நம் மலையடிவாரமும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்தார். "படிக்கிற பிள்ளைகளுக்கு உபயோகமா இருக்கணும். பணம் சேர்ப்பது எப்படின்னு நாலு பக்கம் எழுதுப்பா" என்றார். "நான் சேர்த்ததைவிட விட்டதுதாண்ணே அதிகம்" என்றேன். "அப்ப அதையும் எழுது" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

இந்த ஆண்டு சங்கத்தின் சார்பில் கல்லூரி நூலகத்துக்குப் புத்தகங்கள் வாங்கித் தருகிறோம். நண்பர்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். பாதிக்கு மேல் பணக்காரர் ஆவது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள். இவற்றைப் படித்து உண்மையிலேயே யாராவது சொத்து சேர்த்திருக்கிறார்களா? வாங்கிக் கொடுக்குமுன் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது நம் கடமை. பதில் தேடி கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

சிறையிலிருந்து வந்த புத்தகம்

தமிழில் சுயமுன்னேற்ற நூல் என்று சொல்லத்தக்க ஆரம்பகாலப் புத்தகங்களில் ஒன்றைத் தந்தவர் கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1903-இல் எழுதிய சிறு நூலை அவர் 'மனம் போல வாழ்வு' என்று மொழிபெயர்த்தார். அது 1909-இல் வெளிவந்தபோது அவர் சிறையில் இருந்தார். அடுத்து 1914-இல் 'அகமே புறம்' வந்தது.

அவருக்குப் பணம் பற்றி ஒன்றும் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1906-இல் அவர் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றவர் அவர். 1908-இல் கைதானார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தவர் வியாபாரம் செய்து பார்த்தார், நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டி காந்தியடிகளிடம் கொடுத்திருந்த 347 ரூபாய் சொச்சத்தை, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிப் பெற வேண்டிய நிலையில் அவர் இருந்தார். 1936-இல் காலமாகும் வரை வறுமை அவரை விடவில்லை.

மனத்தைச் சீராக்கினால் வாழ்வு சீராகும் என்று தமிழில் சொன்னவருக்கு மன உறுதியில் என்ன குறை? ஒன்றுமில்லை. அவரை வீழ்த்தியது எதிர்க் கம்பெனியின் பண பலமும் அரசாங்கத்தின் அடக்குமுறையும். மனம் மட்டும் போதாது, வெளியே இருக்கும் நிலைமையும் ஒத்துவர வேண்டும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவருடைய கம்பெனி பதிவான அதே 1906 அக்டோபரில்தான் சென்னையில் ஆர்பத்நாட் வங்கி முறிந்தது. பணம் போட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் கட்டும் செட்டுமாக வாழ்ந்து சிறுகச் சிறுகச் சேமித்தவர்கள். எந்தப் புத்தகம் படித்திருந்தாலும் இதைத்தான் செய்யச் சொல்லியிருக்கும்! அந்த அடியிலிருந்துதான் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது.

குணத்திலிருந்து முதலீட்டுக்கு

அடுத்த தலைமுறையில் தொண்டி எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் வந்தார். அவருடைய 'வாழ்க்கையில் வெற்றி' 1948-இல் வெளிவந்தது. 'கல்கண்டு' ஆசிரியர் தமிழ்வாணன் 1977-இல் மறையும் வரை எழுதிக் குவித்தார். பிறகு எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்'. நம் அண்ணன்மார் காலத்தில் ஹாஸ்டல் அறைகளில் இந்தப் புத்தகங்களில் ஒன்றாவது இருக்கும். இவை பெரும்பாலும் குணத்தைப் பற்றிப் பேசின. நேரத்தே எழு, கடன் வாங்காதே, சொன்ன சொல் தவறாதே. வேலை கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலத்தில் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

1991-க்குப் பிறகு காற்று மாறியது. கம்ப்யூட்டர் வேலை வந்தது, கையில் சம்பளம் வந்தது, கூடவே மாதத் தவணையும் வந்தது. 2004-இல் தொடங்கிய கிழக்கு பதிப்பகம் சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' வரிசையைக் கொண்டுவந்தது. 2005-இல் 'நாணயம் விகடன்' தொடங்கியது. அமெரிக்காவில் 1997-இல் ராபர்ட் கியோசாகி எழுதிய நூலும் 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை' என்று தமிழுக்கு வந்தது. குணம் பின்னால் போய், முதலீடு முன்னால் வந்தது.

இவை எல்லாவற்றையும் ஒரே தராசில் போடுவது நியாயமாகாது. பங்கு என்றால் என்ன, காப்பீடு வேறு சேமிப்பு வேறு, இந்தச் சங்கதிகளையெல்லாம் தமிழில் தெளிவாகச் சொன்ன நூல்களால் நன்மை உண்டு. 1990-களில் 24, 36 சதவீதம் வட்டி என்று ஆசை காட்டிய பைனான்ஸ் கம்பெனிகள் தமிழ்நாடு முழுக்கக் கவிழ்ந்து, 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழி வளர்ப்பில் ஜனங்கள் பணத்தைக் கொட்டினார்கள். வட்டிக் கணக்கு தெரிந்த ஒரு நல்ல புத்தகத்தின் பத்து பக்கம் அவர்களில் சிலரையாவது காப்பாற்றியிருக்கும். பணத்தைப் பெருக்குவதைவிட, பறிபோகாமல் காப்பதில்தான் புத்தகத்தின் உபயோகம் அதிகம் என்பது என் எண்ணம்.

யார் எழுதுகிறார், யார் விற்கிறார்?

பாபிலோன் நகரத்துப் பணக்காரர் கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து வை என்பதுதான் அதன் சாரம். ஜார்ஜ் கிளேசன் 1926-இல் அதைச் சிறு பிரசுரங்களாக எழுதத் தொடங்கினார். அவற்றை மொத்தமாக வாங்கி விநியோகித்தவை வங்கிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும். புத்திமதி நல்ல புத்திமதிதான். ஆனால் எடுத்து வைத்த பத்தில் ஒரு பங்கு யாரிடம் வந்து சேரும் என்பது விநியோகித்தவர்களுக்குத் தெரியும்.

கியோசாகியின் நிறுவனங்களில் ஒன்று, கருத்தரங்கு நடத்திய ஒரு நிறுவனத்துக்கு சுமார் 2.4 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பான பிறகு, 2012-இல் திவால் மனு கொடுத்தது. அவர் சொந்தமாகத் திவாலாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய செல்வத்தில் புத்தகமும் பயிற்சி வகுப்பும் எவ்வளவு பெரிய தொழிலாக இருந்தன என்பதைத்தான் அந்த வழக்கு காட்டியது.

இப்போது இந்தப் புத்தகங்களுக்குப் பிடித்தமான கணக்குக்கு வருவோம். மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீத வளர்ச்சி, 30 ஆண்டு. முடிவில் சுமார் 35 லட்சம். கணக்கு சரி. நானே போட்டுப் பார்த்தேன். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், அந்த 35 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு சுமார் 6 லட்சம்தான். மூன்று லட்சத்து அறுபதாயிரம் கட்டியதற்கு இது மோசமில்லை; ஆனால் பணக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த 12 சதவீதத்துக்கும் யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. இதையெல்லாம்விட முக்கியம், 360 மாதம் ஒரு மாதம்கூடத் தவறாமல் வருமானம் வர வேண்டும்.

ஏலக்காய் சொன்ன பாடம்

ராசிங்காபுரத்திலிருந்து விடிகாலையில் ஜீப்பில் ஏறி போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மழை பிடித்தால் வேலை இல்லை. காய் இல்லாத மாதம் கூலியும் இல்லை. அவர்களிடம் போய் 360 மாதம் என்று சொல்ல முடியுமா?

நம் போடியில் வசதியானவர்களும் உண்டு. அவர்கள் எப்படி வசதியானார்கள்? விலை குறைவாக இருந்த காலத்தில் மலையில் நிலம் பிடித்தவர்கள், காய் வாங்கி விற்றவர்கள், உழைப்பாளிகள். இதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களிடம் இருந்த பெரிய பலம், விலை இறங்கும்போது காயை விற்காமல் இருப்பு வைக்கும் சக்தி. அந்தச் சக்தி கூலிக்காரரிடமும் கடன்காரரிடமும் கிடையாது.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை; பட்டுத் தெரிந்துகொண்டேன். 2018 வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் அடிபட்டன. காய் குறைந்து விலை ஏறியது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அப்போது என் கையில் ஒரு பிரபலமான புத்தகம் இருந்தது. "சம்பளம் சொத்து ஆகாது, வருமானம் தரும் பொருளை வாங்கு" என்கிற கருத்து எனக்கு வேதவாக்காகப் பட்டது. வங்கியில் 6 லட்சம் கடன் எடுத்து, மாமாவோடு சேர்ந்து மூன்று வருஷக் குத்தகைக்கு ஒரு தோட்டம் பிடித்தேன். மாதம் 14,000 தவணை, ஐந்து வருஷம்.

அம்மா ஒன்றுதான் சொன்னாள்: "ஏப்பா, மலை ஏறுற ஜீப்பு எறங்கியும்தான ஆகணும்?"

நான் கேட்கவில்லை. 2022-இல் காய் விலை ஆயிரத்துக்குக் கீழே போய்விட்டது. உரத்துக்கும் மருந்துக்கும் கூலிக்கும் கொடுத்தது போக என் பங்குக்கு இரண்டு லட்சம்கூடத் தேறவில்லை. தவணை நேரத்துக்குக் கட்ட வேண்டியிருந்ததால், வந்த காயை வந்த விலைக்கு விற்றோம். இரண்டு வருஷம் கழித்து விலை மறுபடி ஏறியது. அப்போது எங்களிடம் காயும் இல்லை, தோட்டமும் இல்லை.

வங்கிக் கடனை அடைத்து முடித்த பிறகு அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்த பக்கங்களில் எல்லாம் கோடு போட்டிருந்தேன். கஷ்ட காலத்துக்கு ஆறு மாதச் செலவைத் தனியாக வை என்று சொல்லும் பக்கமும் அதில் இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. ஆகவே பழி முழுவதையும் புத்தகத்தின் மேல் போட மாட்டேன். நாம் கேட்க விரும்புவதை மட்டும் படித்துக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. அதுதான் அதன் ஆபத்து.

அம்மாவின் பாஸ்புக்

அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். மலை வேலைக்குப் போனவள். தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கி, 1992-க்குப் பிறகு நபார்டு மூலம் வங்கிகளோடு இணைக்கப்பட்ட மகளிர் சுய உதவிக் குழு, எங்கள் தெருவுக்கும் வந்தபோது சேர்ந்தாள். தபால் ஆபீஸில் மாதச் சேமிப்பும் போட்டாள். நான் செமஸ்டர் பீஸ் கட்டியது அந்தப் பணத்தில்தான்.

மதுரைப் பக்கம் புல்லுசேரி சின்னப்பிள்ளை அம்மாள் களஞ்சியம் குழுக்களைக் கட்டி வளர்த்தவர். பள்ளிக்கூடம் போகாத அவர் காலைத் தொட்டு 2001-இல் பிரதமர் வாஜ்பாய் வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. அந்தப் பெண்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. கந்து வட்டிக்காரரிடம் போகாமல் இருக்க ஒரு இடம் இல்லாமல் இருந்தது. குழு அந்த இடத்தைக் கொடுத்தது. ஒரு மாதம் ஒருத்திக்குக் கூலி இல்லையென்றால் மற்றவர்கள் தாங்கினார்கள். எந்தப் புத்தகத்தாலும் அதைச் செய்ய முடியாது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அம்மாவும் பணக்காரி ஆகவில்லை. குழுவில் சேர்ந்ததால் எங்கள் வீடு மாடி வீடாகிவிடவில்லை. அந்தச் சேமிப்பு ஒரு பையனைப் படிக்க வைத்தது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் குடும்பத்தின் வருமானத்தை உண்மையில் உயர்த்தியது அந்தப் படிப்புதான்.

நூலகத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஆக, இந்தப் புத்தகங்கள் சொத்து சேர்க்குமா? ஏற்கெனவே மிச்சம் பிடிக்க முடிகிறவருக்கு, அதை வீணாக்காமல் இருக்க உதவும். மிச்சமே இல்லாதவருக்கு அவை மிச்சத்தை உண்டாக்காது. கடன் வாங்கிக்கொண்டு படிக்கிறவருக்கு, என்னைப்போல, கெடுதலும் செய்யும்.

மாணவத் தம்பி தங்கைகளே, படியுங்கள். ஆனால் படிக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இதை எனக்குச் சொல்வதால் சொல்பவருக்கு என்ன லாபம்? விலை பாதியானால் அடுத்த மாதம் நான் எதை விற்பேன்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. பட்டியலில் உள்ள புத்தகங்களை வாங்கிக் கொடுப்போம். கொடுக்கும்போது, அதைப் படித்து நாம் என்ன செய்தோம், எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைப்போம். பெயர் போட வேண்டாம், தொகை மட்டும் உண்மையாக இருக்கட்டும். என் புத்தகத்தை நான் கோடுகளோடு அப்படியே கொண்டுவருகிறேன். குத்தகைக் கணக்கும் அதற்குள் இருக்கும்.